கைமணியோடு வந்த வாத்தியார்

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் தம்பானூர் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் டிக்கெட்டுக்கு ஒரு தனிக் கூட்டம் சேர்ந்துவிடும். பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம் பக்கத்துக் கடற்கரைக் குடும்பங்கள் வருவார்கள். சாலைக் கடைவீதியில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் மனைவி மக்களோடு வருவார்கள். எல்லோரும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள். டிசம்பர் 3-ம் தேதி அவருடைய திருநாள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை. கத்தோலிக்கர் மட்டும் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். நேர்ச்சை கழிக்கப் போகும் இந்துக்களும் அதே வரிசையில்தான் நிற்பார்கள்.

கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து சில்லறை எண்ணுகிற நாம் சில சமயம் வாயைக் கொடுப்பதுண்டு. சவேரியார் யார் என்று கேட்டால் அற்புதங்களைச் சொல்வார்கள். கோட்டாற்றில் வடுகர் படையைச் சிலுவை காட்டித் தடுத்து நிறுத்தியதைச் சொல்வார்கள். கோவாவில் கெடாமல் இருக்கும் திருவுடலைச் சொல்வார்கள். அவர் ஒரு வாத்தியார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது அந்த வாத்தியாரின் கதையைத்தான்.

பாரிஸ் கல்லூரி ஆசிரியர்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பிரான்சு எல்லையை ஒட்டி நவார் என்று ஒரு சிறு ராஜ்யம் இருந்தது. அங்கே சவியேர் என்ற கோட்டை வீட்டில் 1506 ஏப்ரல் 7-ம் தேதி பிரான்சிஸ் பிறந்தார். அந்த மலைநாட்டு மக்களின் பேச்சு பாஸ்க் மொழி. ஐரோப்பாவில் வேறு எந்த மொழியோடும் உறவில்லாத தனி மொழி அது. சவியேர் என்ற பெயரே அம்மொழியில் புது வீடு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான். தந்தையார் சட்டம் படித்தவர். நவார் அரசரின் ஆலோசனை சபைக்குத் தலைவராக இருந்தவர்.

பையனுக்கு ஆறு வயதாகும்போது, 1512-ல், அந்த ராஜ்யத்தைக் காஸ்டில் அரசு விழுங்கிவிட்டது. 1515-ல் தந்தையார் காலமானார். மறு ஆண்டே கோட்டையின் மதில்களை இடித்துத் தள்ள உத்தரவு வந்தது. அண்ணன்மார் வாளைத் தூக்கிக்கொண்டு போருக்குப் போனார்கள். கடைக்குட்டியான பிரான்சிஸ் படிப்பைத் தேர்ந்துகொண்டார்.

1525-ல் பாரிசுக்குப் போய்ப் புனித பார்பரா கல்லூரியில் சேர்ந்தார். 1530-ல் எம்.ஏ. பட்டம் பெற்றவுடன் போவே கல்லூரியில் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்பிக்கும் ஆசிரியரானார். ஓட்டத்திலும் தாண்டுவதிலும் கெட்டிக்காரர் என்று மாணவர் நடுவில் பெயர். நல்ல குடும்பம், நல்ல படிப்பு, நல்ல உத்தியோகம். இன்னும் பத்து வருடம் பொறுத்திருந்தால் சொந்த ஊரில் ஏதாவது ஒரு பெரிய கோயில் பதவி கிடைத்திருக்கும். அதுவே அவருடைய ஆசையாகவும் இருந்தது.

அறைத் தோழராக இஞ்ஞாசியார் வந்து சேர்ந்ததும் கதை மாறியது. காலில் குண்டடி பட்டு நொண்டிய பழைய படைவீரர், பிரான்சிசைவிடப் பல வயது மூத்தவர். பிரான்சிஸ் லேசில் மசியவில்லை; இரண்டு மூன்று ஆண்டுகள் அவரைக் கிண்டல் செய்துகொண்டே காலம் கழித்தார். கடைசியில் இசைந்தார். 1534 ஆகஸ்டு 15-ல் மோன்மார்த்தர் குன்றில் ஏழு பேர் கூடி விரதம் எடுத்துக்கொண்டார்கள். இயேசு சபை என்ற துறவற சபைக்கு அதுவே வித்து.

இவர்களைப் பற்றிப் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜானிடம் சொன்னவரும் ஒரு வாத்தியாரே. புனித பார்பரா கல்லூரித் தலைவர் தியோகோ தெ கூவேயா என்பவர், என்னிடம் படித்த இவர்களை இந்தியாவுக்கு அனுப்பலாம் என்று மன்னருக்கு எழுதினார். இந்தியாவுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் உண்மையில் வேறொருவர். அவர் நோயில் விழுந்துவிட்டார். அந்த இடத்துக்குப் போகச் சொல்லி 1540 மார்ச்சில் ரோமில் பிரான்சிசுக்கு உத்தரவு வந்தபோது, கந்தலைத் தைத்துக்கொள்ள அவருக்கு ஒரு நாள் கூட முழுதாகக் கிடைக்கவில்லை. ரிலீவிங் டூட்டி பார்க்கும் நம் ரயில்வேக்காரர்களுக்கு இந்த அவசரம் புரியும்.

கோவா தெருவில் மணியோசை

தம்முடைய 35-வது பிறந்த நாளன்று, 1541 ஏப்ரல் 7-ம் தேதி, லிஸ்பனில் கப்பல் ஏறினார். மொசாம்பிக்கில் மழைக்காலம் முழுவதும் தங்க நேர்ந்தது. கோவாவில் இறங்கியது 1542 மே 6. பதின்மூன்று மாதப் பயணம்!

போப்பாண்டவரின் பிரதிநிதி என்ற பதவிச் சீட்டு அவர் பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் பல்லக்கில் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. ஒரு கைமணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மணியை ஆட்டியபடி நடந்தார். பிள்ளைகளை அனுப்புங்கள், வேலைக்காரர்களை அனுப்புங்கள் என்று கூவினார். பாரிசில் அரிஸ்டாட்டில் சொல்லிக்கொடுத்தவர் கோவாவில் சிறுவர்களைச் சுற்றி உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் பாட்டாகச் சொல்லவைத்தார். பாட்டாகச் சொன்னால் மறக்காது என்பது நம் திண்ணைப் பள்ளி வாத்தியார்களுக்கும் தெரிந்த சங்கதிதான்.

அந்த வருடம் அக்டோபரில் அவரைத் தெற்கே அனுப்பினார்கள். கன்னியாகுமரி முதல் தூத்துக்குடிக்கு அப்பாலும் நீண்டு கிடக்கும் முத்துக்குளித்துறை அவருக்கு ஒப்படைக்கப்பட்டது.

இருபதாயிரம் பேரும் ஒரு மௌனமும்

அங்கே நிலைமை விசித்திரமாக இருந்தது. முத்துக்குளிக்கும் உரிமை பற்றி அரபு வழி வணிகர்களோடு ஏற்பட்ட சண்டையில் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் உதவியை நாடினார்கள். 1535 முதல் 1537 வரை சுமார் இருபதாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெயர் மாறியது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. நீங்கள் யார் என்று சவேரியார் கேட்டால் கிறிஸ்தவர் என்று பதில் வந்தது. அப்படியென்றால் என்ன என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் இல்லை. யாரும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லித்தரவே இல்லை.

குற்றம் அந்த மக்கள் மேல் இல்லை என்று சவேரியார் கண்டுகொண்டார். பிறகு தம்மையே பார்த்துக்கொண்டார். அவர்கள் தாய்மொழி தமிழ். தம் தாய்மொழி பாஸ்க். அவர் பேசினால் அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசினால் இவருக்குப் புரியாது என்று அவரே தம் சபையாருக்கு எழுதியிருக்கிறார். கோவாவிலிருந்து கூட வந்த, அந்தக் கடற்கரையையே சேர்ந்த மூன்று இளைஞர்கள் மட்டும் துணை.

தூத்துக்குடியில் போர்ச்சுகீசும் தமிழும் அறிந்தவர்களைத் தேடிப்பிடித்து உட்காரவைத்தார். பல நாள், பல கூட்டம். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், இரண்டு மூன்று ஜெபங்கள் ஆகியவற்றைத் தமிழாக்கினார்கள். அதை அவர் நெட்டுருப் போட்டார். முப்பத்தாறு வயதில், பாரிஸ் எம்.ஏ., ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலத் தமிழை மனப்பாடம் செய்ததை நினைத்துப் பாருங்கள்.

பிறகு பழையபடி கைமணி. காலையும் மாலையும் ஊரைச் சுற்றி மணியடித்துப் பிள்ளைகளைச் சேர்ப்பார். ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் வந்துவிடும். அதற்கப்புறம்தான் அவருடைய உபாயம் வெளிப்படும். இங்கே படித்ததை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள், அடுத்த வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவார். ஒரு வாத்தியாருக்குப் பதில் நூறு வாத்தியார் தயார். நோயாளிகள் வீட்டுக்கு வரச்சொல்லி ஓயாமல் ஆள் வரும். எல்லா இடத்துக்கும் ஒருவரால் போக முடியுமா? அங்கேயும் பிள்ளைகளை அனுப்பினார். பிள்ளைகள் அவரைச் சாப்பிடவும் விடவில்லை, தூங்கவும் விடவில்லை. இன்னொரு ஜெபம் சொல்லிக்கொடுங்கள் என்று சூழ்ந்துகொண்டார்கள்.

ஓர் ஊரை விட்டுக் கிளம்பும்போது பாடத்தை எழுதிவைத்துவிட்டுப் போவார். எழுதத் தெரிந்தவர்கள் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் படித்துக்காட்ட வேண்டும்.

வேணும் என்பதா, விசுவாசம் என்பதா?

தமிழர்களாகிய நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த முதல் தமிழாக்கத்தில் பிழைகள் இருந்தன. கடவுளை நம்புகிறேன் என்று தொடங்க வேண்டிய விசுவாசப் பிரமாணத்தில் நம்புகிறேன் என்ற இடத்தில் வேணும் என்று போட்டுவிட்டார்கள். எத்தனை ஊர்களில் எத்தனை பிள்ளைகள் எத்தனை மாதம் அப்படியே பாடினார்களோ!

கடவுள் வேணும் என்பதும் நல்ல பிரார்த்தனைதானே என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வாத்தியாருக்குத் திருப்தி இல்லை. 1544-ல் தம் உதவியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், இனி வேணும் என்று சொல்லாதீர், விசுவாசம் என்று சொல்லும், முன்னதற்கு ஆசைப்படுவது என்று பொருள், பின்னதற்குத்தான் நம்புவது என்று பொருள் என்று திருத்தி அனுப்பினார். இயேசு பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில் வற்புறுத்தலால் என்று அர்த்தம் தரும் இன்னொரு சொல் புகுந்திருந்தது. அவர் மனமுவந்தல்லவா பாடுபட்டார் என்று அதையும் எடுக்கச் சொன்னார்.

தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள ஒரு வாத்தியாருக்கு எவ்வளவு மனம் வேண்டும்! ஊர் ஊராகப் பரப்பிய பாடம் அது.

வேற்று மொழியில் பிழைப்பு நடத்தும் நமக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். நாம் தம்பானூருக்கு வந்த புதிதில், கவுண்டருக்கு எதிரே இருந்த ஒரு பெரியவர் வெள்ளம் எங்கே என்று மலையாளத்தில் கேட்க, எந்த ஊரில் வெள்ளம் என்று பதறிப்போய்க் கேட்டோம். குடிதண்ணீர்க் குழாயைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். அதிகம் சம்சாரிக்க வேண்டாம் என்று மேலதிகாரி சொன்னபோது, நம் சம்சாரத்தைப் பற்றி இவருக்கு என்ன என்று கோபம் வந்தவர்களும் நம்மில் உண்டு. பக்கத்துப் பக்கத்து மொழிகளுக்கே இந்தக் கதி என்றால் பாஸ்க்காரரின் பாடு சொல்ல வேண்டுமா?

மகாராணியின் செருப்புக் காசு

தாம் ஒருவர் மணியடித்தால் போதாது என்று அவருக்குத் தெரியும். ஊருக்கு ஒரு உள்ளூர் ஆசிரியரை நியமித்தார். கணக்கப்பிள்ளை என்று அவர்களுக்குப் பெயர். பிள்ளைகளைக் கூட்டுவது, பாடம் சொல்வது, பிறப்பு இறப்பைக் கவனிப்பது அவர்கள் வேலை. வேலை என்றால் சம்பளம் வேண்டுமே?

முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போர்ச்சுகல் மகாராணி கத்தரீனாவின் பாதரட்சைச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. பணம் என்பது அக்காலத்துச் சிறு பொற்காசு. அந்தக் காசை இந்த ஆசிரியர்களின் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி சவேரியார் கேட்டு வாங்கினார். கடற்கரைச் சிறுவர்கள் படிக்க மகாராணியின் செருப்புக் காசு! கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளம் பாக்கி இல்லாமல் கொடுத்தீரா என்று மான்சிலாசுக்கு அவர் எழுதுவதைப் பார்த்தால் அனுபவப்பட்ட ஹெட்மாஸ்டர் ஒருவர் நம் கண்முன் நிற்கிறார்.

மான்சிலாசைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிஸ்பனிலிருந்து கூடவே வந்தவர். படிப்பில் மந்தம். கோபக்காரர். ஜனங்கள் மேல் பொறுமை இழக்காதீர், அவர்கள் உம்மை நேசிக்கும்படி நடந்துகொள்ளும், நேசித்தால்தான் நீர் சொல்வது ஏறும் என்று சவேரியார் அவருக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை என்று ஊர் ஊராக நடந்துகொண்டே எழுதிய அந்தக் கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. உட்கார்ந்து எழுத நேரமில்லாத மனிதரின் கடிதங்கள். மான்சிலாஸ் கடைசி வரை தேறவில்லை. பின்னாளில் மலுக்குத் தீவுகளுக்குப் போகச் சொன்னபோது மறுத்துவிட்டதால் 1548-ல் சபையிலிருந்தே நீக்கப்பட்டார். எல்லா மாணவர்களும் தேறிவிடுவதில்லை.

1544 ஜூனில் வடுகர் குதிரைப்படை கடற்கரையில் புகுந்தது. மக்கள் கன்னியாகுமரிக்கு எதிரே கடலில் உள்ள பாறைகளில் போய் ஒளிந்தார்கள். சோறும் தண்ணீரும் இல்லாமல் பலர் மாண்டார்கள். சவேரியார் 20 தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்காற்று. எட்டு நாள் கடலில் போராடியும் போய்ச்சேர முடியவில்லை. திரும்பி வந்து கால்நடையாகவே குமரிக்குப் போனார். வழியெல்லாம் அவர் கண்டது நடக்கமாட்டாத கிழவர்களையும், பாதையோரத்தில் பிள்ளை பெற்ற பெண்களையும்தான்.

அந்த வடுகருக்குக் குதிரை விற்றுக் காசு பார்த்துக்கொண்டிருந்தவர் தூத்துக்குடியிலிருந்த போர்ச்சுகீசியத் தளபதி கோஸ்மே தெ பைவா. சவேரியார் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கோவாவுக்கும் எழுதினார். பிறகு அதே வடுகர் தளபதியின் கப்பலையும் வீட்டையும் எரித்துவிட, மனிதர் உயிர் தப்பித் தீவுகளில் ஒதுங்கிக் கிடந்தார். செய்தி கேட்டவுடன் அவருக்குத் தண்ணீரும் உணவும் தோணிகளில் அனுப்பச் சொல்லி மான்சிலாசுக்கு அவசரக் கடிதம் போட்டவரும் சவேரியார்தான்.

நம் கடற்கரையில்

1544 கடைசியில் அவர் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்தார். முக்குவர் என்னும் மீனவ மக்களின் ஊர்களில் நடந்தே சென்றார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதியிருக்கிறார். கை ஓய்ந்துபோகும், வாய் ஓய்ந்துபோகும் என்பது அவர் அனுபவம். இங்கேயும் முறை அதுதான். அவரவர் மொழியில் சொல்லிக்கொடுப்பது, எழுதிவைத்துவிட்டுப் போவது. நம் ரயிலில் பூவாறு, விழிஞ்ஞம் கடற்கரைக்கு இணையாகப் போகும் பாதையை இன்று ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். அவர் மணலில் கால் புதைய நடந்த கரை அது.

தும்பாவில் உள்ள புனித மரிய மதலேனாள் ஆலயம் சவேரியார் காலத்தில் தோன்றியது என்று ஒரு வழிவழிச் செய்தி உண்டு. 1960-களில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி தொடங்கியபோது விஞ்ஞானிகளுக்கு அலுவலகமாக இருந்தது அந்தக் கோயில்தான். இன்று அது விண்வெளிக் காட்சிசாலை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு மற்றதையும் சொல்ல வேண்டும். சவேரியார் குறையில்லாதவர் அல்லர். பிள்ளைகள் தங்கள் வீட்டார் வணங்கிய தெய்வ உருவங்களை உடைத்தபோது அவர் மகிழ்ந்தார் என்பதற்கு அவர் கடிதமே சாட்சி. 1546-ல் கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று மன்னருக்கு எழுதினார். அது 1560-ல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது; வந்த பிறகு பலரை வாட்டி வதைத்தது. பிள்ளைகளின் மொழியை அவ்வளவு மதித்தவர் அவர்களின் பாட்டன் பாட்டியரின் நம்பிக்கையை மதிக்கவில்லை. இதை மூடி மறைத்து எழுத நமக்கு மனம் வரவில்லை.

கொச்சியிலிருந்து 1544-ல் அவர் எழுதிய ஒரு கடிதம் மறு ஆண்டே பாரிசில் அச்சாகிப் பரவியது. படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பாரிஸ் பண்டிதர்கள் நடுவில் போய்ப் பைத்தியக்காரனைப் போல் கத்த வேண்டும் போலிருக்கிறது என்ற கருத்தில் அவர் எழுதியிருந்தார். அக்கடிதங்களைப் படித்த இளைஞர்கள் பலர் கப்பல் ஏறினார்கள்.

1546-ல் கோவா வந்து, மறு ஆண்டு முத்துக்குளித்துறையில் பணியேற்றவர் என்றீக்கே என்றீக்கசு. சவேரியாரால் முடியாததை இவர் முடித்தார். இரவு பகலாகத் தமிழ் படித்துச் சில மாதங்களில் மொழிபெயர்ப்பாளர் உதவி இல்லாமலே பேசத் தொடங்கினார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578 அக்டோபர் 20-ம் தேதி அவருடைய தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்க நூல் அச்சாகி வெளிவந்தது. இந்தியாவில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அச்சான இடம் சென்னையோ மதுரையோ அல்ல. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள கொல்லம்! தினமும் எத்தனையோ பேருக்குக் கொல்லம் டிக்கெட் கொடுக்கிறோம். இது தெரிந்து இறங்குகிறவர் எத்தனை பேர்?

ஜப்பானிலும் ஒரு பிழை

அதற்குள் சவேரியார் கிழக்கே வெகுதூரம் போய்விட்டார். 1545-ல் நான்கு மாதம் மயிலாப்பூரில் தங்கினார். பிறகு மலாக்கா, அம்போன், தெர்னாத்தே. அங்கெல்லாம் மலாய் மொழியில் பாடம், அதே கைமணி.

மலாக்காவில் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். சொந்த ஊரில் கொலைக் குற்றத்துக்கு அஞ்சி ஓடிவந்தவர். அவரைக் கோவாவுக்கு அனுப்பிப் புனித பவுல் கல்லூரியில் படிக்கவைத்தார். பல நாட்டுச் சிறுவர்கள் சேர்ந்து படித்த கல்லூரி அது. 1549 ஆகஸ்டு 15-ல் இருவரும் ககோஷிமாவில் இறங்கினார்கள்.

கடவுள் என்பதற்கு ஜப்பானிய மொழியில் என்ன சொல் என்று கேட்க, அஞ்சிரோ தைனிச்சி என்று சொல்லிக்கொடுத்தார். அது வைரோசன புத்தரின் பெயர். சவேரியாருக்குத் தெரியாது. தெருத்தெருவாக அதையே சொன்னார். பௌத்த பிக்குகள் சிலர் நம் ஆள்தான் என்று முகமலர்ந்து வரவேற்றார்கள். 1551-ல் யமகுச்சியில் விஷயம் புரிந்தது. உடனே துணைவர் பெர்னாண்டசைத் தெருவுக்கு அனுப்பி, இனி தைனிச்சியை வணங்காதீர்கள் என்று சொல்லவைத்தார். அது முதல் தேயுஸ் என்ற லத்தீன் சொல்லையே பயன்படுத்தினார். வேணும் என்ற சொல்லில் பட்ட அடி ஜப்பானிலும் தொடர்ந்தது. திருத்திக்கொள்ளும் குணமும் தொடர்ந்தது.

கடைசிப் பேச்சு

ஜப்பானியர் சீனரைப் பெரிதாக மதிப்பதைக் கண்டு சீனா போக விரும்பினார். மலாக்காவின் போர்ச்சுகீசியத் தளபதி அல்வாரோ தெ அத்தாயிதே குறுக்கே நின்றார். தூதுக்குழு கலைந்தது. சவேரியார் தனியே புறப்பட்டு 1552 ஆகஸ்டு முடிவில் சீனக் கரைக்கு எதிரே உள்ள சான்சியான் தீவை அடைந்தார். அந்நியர் சீனாவுக்குள் நுழைந்தால் சிறை என்ற காலம். மிளகைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு கந்தோனுக்குத் திருட்டுத்தனமாக அழைத்துப்போக ஒரு வியாபாரி ஒப்புக்கொண்டிருந்தான். அவன் வரவேயில்லை.

மொழிபெயர்க்க அந்தோணி என்ற சீன இளைஞர் உடன் இருந்தார். சிறு வயதில் கோவாவுக்குப் போய்ப் புனித பவுல் கல்லூரியில் பல ஆண்டுகள் படித்தவர். லத்தீன் வரும். ஆனால் தம் சீன மொழியைப் பெரும்பாலும் மறந்துபோயிருந்தார். பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில் சொல்ல வேண்டும் என்று பத்து வருடம் அலைந்தவருக்குக் கடைசியில் வாய்த்த மாணவர், தாய்மொழியைத் தொலைத்துவிட்ட மாணவர். இதைப் படித்த அன்று, இரண்டாம் வகுப்பில் படிக்கும் நம் மகளைக் கூப்பிட்டு ஒரு தமிழ்ப் பத்திரிகையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். எழுத்துக் கூட்டி ஒரு வரி வாசித்தாள். மிச்சத்தை மலையாளத்தில் சொல்லட்டுமா அப்பா என்றாள்.

நவம்பர் 21-ம் தேதி சவேரியாருக்குக் காய்ச்சல் கண்டது. குளிர் காற்று வீசும் தீவில் ஓலைக் குடிசை. நாள் போகப் போக நினைவு தவறியது. புலம்பலில் ஏதேதோ பேசினார். சிலவற்றை அந்தோணி புரிந்துகொண்டார். ஆனால் இடையில் அவர் பேசிய ஒரு மொழி தமக்கு விளங்கவில்லை என்று பின்னால் அந்தோணி எழுதிவைத்தார். லத்தீனும் அல்ல, போர்ச்சுகீசும் அல்ல. சவியேர் கோட்டையில் தாயார் மடியில் கேட்ட பாஸ்க் மொழியாகத்தான் அது இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

1552 டிசம்பர் 3-ம் தேதி விடியுமுன் உயிர் பிரிந்தது. வயது 46. பின்னால் எலும்புகளை எடுத்துச் செல்ல வசதியாகப் பெட்டியில் சுண்ணாம்பைக் கொட்டி, அந்தோணியும் வேறு மூவரும் அவரை மண்ணில் புதைத்தார்கள்.